கடைசியா யார் கை வச்சது?

அந்த அம்மாள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை. என்ன வண்டி என்றுகூடக் கேட்கவில்லை. என் கையிலிருந்த அலுமினியப் பெட்டியை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "கடைசியா இதுல யார் கை வச்சது?" என்றார்.

நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். கோப்பு ஒன்று காணாமல் போனாலும், காணாமல் போனது திரும்பக் கிடைத்தாலும், எங்கள் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கான பதில் எங்கள் ரத்தத்தில் ஊறியது. நான் இல்லை, இன்னார். யோசிக்கவே வேண்டாம். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் எழும்புகிற மாதிரி அதுவாக எழும்பிவிடும்.

"மெக்கானிக் பூபாலன்தாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பேட்டரி மாத்துனாரு," என்றேன்.

பூபாலன் அப்போது வாசலில் தன் பைக்கை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது.

"ம்," என்றார் அந்த அம்மாள்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயங்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. அந்தத் தெரு வழியாகப் பல ஆண்டுகளாக மாலை நடை போகிறவன் நான். அப்படி ஒருவர் அங்கே இருப்பதே தெரியாது. மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்குப் 'போர்டு அக்கா' என்று பெயர். வாசலில் மட்டும் போர்டு கிடையாது. ஒரு முன்னறை, ஒரு நீள மேசை, அதன்மேல் ஒரு மைக்ராஸ்கோப், பக்கத்தில் அது பார்ப்பதை நாமும் பார்க்க ஒரு டிவி திரை. சுவரோரம் செத்துப்போன போர்டுகள் அடுக்கி வைத்திருக்கும். அவர் காலி செய்துவிட்டுப் போன அந்த அறையில் இப்போது கூரியர் பார்சல்கள் குவிந்து கிடக்கின்றன. போகும்போது எட்டிப் பார்க்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் சேலை, அதன்மேல் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. இடது மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் மேசைக் காலுக்குப் போகும். உடம்பில் சேரும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடவேண்டுமாம். "நம்ம உடம்புல கெடக்கிற கரண்ட்டே போதும் சார், சிப்ப சாவடிக்க," என்றார் ஒருநாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். என்னால் எதையாவது சாகடிக்க முடியும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பெட்டி என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்; பாரீசுக்கு வெளியே ஒரு புறநகரில் முப்பது ஆண்டுகளாகக் குளிரில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, அவர் பாஷையில் வக்கான்ஸுக்கு, புதுச்சேரி வந்தால் மூன்று வாரம் ஓட்டுவதற்கென்று ஒரு கார் வாங்கி எங்கள் வீட்டில் நிறுத்தியிருந்தார். மீதி வாரங்களுக்கு நான் காவல். இப்படி பிரான்சில் இருப்பவர்கள் விட்டுவிட்டுப் போன கார்கள் ஊரில் நிறைய உண்டு. வாரம் ஒருமுறை அவற்றை ஸ்டார்ட் பண்ணி, தெருவில் ஒரு சுற்று ஓட்டி, டயருக்குக் காற்று பார்த்து வைப்பதுதான் பூபாலனின் பிழைப்பு. "பிரான்ஸ் வண்டிங்க" என்பார், ஏதோ அவை தனி ஜாதி மாதிரி. இருபதுக்குமேல் வைத்திருந்தார். எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எல்லாம் பேச்சில் நிற்கிற நம்பிக்கை. அங்கே அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பூபாலன் வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று யாராவது ஒரு வரி போட்டால், மறுநாள் அவர் சாவிக்கொத்து காலி.

இப்போது ஆயுதபூஜைக்கு வருவோம். பூஜை புனஸ்காரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து நான் எழுதிய கட்டுரைகள் சிற்றிதழ்களில் வெளியாகி, அதைவிடச் சிறிய வட்டத்தால் படிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் என் மனைவி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கையில் கொடுத்து, "அண்ணன் வண்டி, ஒழுங்கா வைங்க," என்றால் வைப்பேன். அந்த ஆண்டு ஒழுங்காக மட்டும் அல்ல, அறிவோடும் வைக்கலாம் என்று தோன்றியது. சக்கரத்துக்கு வைக்கிறோம், ஸ்டியரிங்குக்கு வைக்கிறோம், வண்டியின் மூளையை விட்டுவிடுகிறோமே? பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் அலுமினியப் பெட்டி. எப்போது பெட்ரோல், எப்போது பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் போர்டு அதற்குள் இருக்கிறது. மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்கள். அதற்கு, ஒயர்கள் நுழையும் வாய்க்கு நேர்மேலே, தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன்.

சந்தனத்தைக் கரைத்தவனும் நான்தான். தண்ணீர் அதிகமாகிவிட்டது. குங்குமத்தையும் இழுத்துக்கொண்டு வழிந்தது. வழிந்ததைக் கழுவுகிறேன் என்று சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் தெளித்தேன். அந்த வாயில் தண்ணீர் புகாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு என்பதும், அதை எலி ஏற்கெனவே தின்றுவிட்டது என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஐப்பசி முழுக்க மழை. நடுவில் பேட்டரி இறங்கிப்போய், பூபாலன் வந்து புதிது மாட்டினார். கார்த்திகையில் ஒருநாள் என் மனைவி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். வண்டி கேட்டைத் தாண்டி இருமியது, தீய்ந்த நாற்றம் அடித்தது, நின்றது. பூபாலன் வந்து பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப். நடுவில் கருகி, ஊசி முனை அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"ஈசிஎம் போச்சி அண்ணே. புதுசுன்னா எப்ப வருமோ தெரியாது, சாவியோட சேத்து மாத்தணும். போர்டு அக்காகிட்ட காட்டிப் பாக்கலாம். அண்ணன் என்னைக்கு வர்றாரு?"

"இன்னும் மூணு வாரம்."

"அதுக்குள்ள முடிச்சிடுவாங்க," என்றார் பூபாலன், எனக்குத் தைரியம் சொல்லும் குரலில். எனக்கு அப்போது சந்தன வாசனை ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

ஆகவே, காலண்டர்படி பார்த்தால் கடைசியாகக் கை வைத்தவர் பூபாலன்தான். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் எங்கள் இலாகாவின் பயிற்சி.

அன்று மாலையே மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, வண்டி எப்படி இருக்கு?"

"பேட்டரி மாத்துனதுல ஏதோ ஆயிடுச்சி போல இருக்கு மச்சான்," என்றேன். இந்த 'ஆயிடுச்சி' எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்று பாருங்கள். செய்தவன் யாரும் அதற்குள் இல்லை.

"வுவாலா, பாத்தியா. பூபாலன்தானே மாத்தினான்? அவன நம்பி இத்தன பேர் சாவி குடுத்து வச்சிருக்கோம். இப்பவே குரூப்ல போடறேன்."

"வேணாம் மச்சான், நீங்க வந்து பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்," என்றேன், பெருந்தன்மையாக. மூன்று வாரத்தில் வண்டி ஓடிவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று கணக்கு.

அந்தக் கணக்கில் நான் சேர்க்காதது போர்டு அக்காவை.

மூன்றாம் நாள் போனேன். சிப்பை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். பெட்டி திறந்து கிடந்தது. கருகிய சிப் அதே இடத்தில். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. போர்டின் மறுமூலையில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் மாத்தலீங்களா?"

"மாத்தறது அர மணி நேர வேல சார்."

"அப்புறம் ஏன்..."

"எரிஞ்சவன் குத்தவாளி இல்ல. எரிஞ்சவன் சாட்சி." தலையைத் தூக்காமல் சொன்னார். "எரிச்சவன கண்டுபிடிக்காம புதுசு போட்டா, புதுசும் எரியும். அப்ப எனக்கு ரெண்டு சாட்சி இருக்கும். அவ்ளோதான்."

இதுதான் அவர். இந்த ஒரே விஷயம்தான். பிறகு நான் கேட்ட எல்லாக் கதையும், பார்த்த எல்லாச் சம்பவமும் இதையே சுற்றிச் சுற்றி வந்தன.

தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு படகுக்காரர் வந்திருந்தார். கடலுக்கடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் பெட்டி, மூன்றாவது முறையாக எரிந்துபோயிருந்தது. உப்புக்காற்று என்று அவர் சொன்னார். அக்கா நம்பவில்லை. அவர் பின்னாலேயே பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போய், படகில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "பெட்டி சூடா இருக்குதுன்னு ஈரக் கைலிய அது மேல காயப் போடறாங்க சார்," என்று என்னிடம் சொன்னார். "யாரு?" என்றேன். "ஓனருதான்," என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

இன்னொரு நாள், தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் சறுக்கிக் காய்கறி வண்டியில் மோதிவிட்டார். கூட்டம் கூடி, ஸ்கூட்டர்க்காரர் சட்டையை யாரோ பிடித்தாயிற்று. அக்கா மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரையும் பார்க்கவில்லை. ரோட்டில் குந்தி, உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். "இங்க மணல் கொட்டி வச்சது யாரு?" என்றார். கொட்டியவர் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரே. மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் முழுக்க அக்காவுக்கு மேல்தொட்டித் தண்ணீர் வரவில்லை. அவர் இரண்டு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போய்வந்தார். அதைப் பற்றி யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்குமுன் ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வரிசையாக வரும் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாராம். ஒரே மாதிரி பழுதோடு போர்டுகள் வந்தபோது காரணம் தெரியும்வரை லைனை ஓடவிடமாட்டேன் என்று நிறுத்திவிட்டார், அதனால் அனுப்பிவிட்டார்கள் என்பது பூபாலன் சொன்ன கதை. இல்லை, கம்பெனியே மூடிவிட்டது என்று இன்னொரு மெக்கானிக் சொன்னார். நான் நேரில் கேட்டேன்.

"அந்தக் கம்பெனி என்னாச்சிங்க?"

"எரிஞ்சி போச்சி சார்."

தீப்பிடித்ததா, அல்லது அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் தினமும் போக ஆரம்பித்தேன். அக்கறை என்று பூபாலன் நினைத்தார். குற்றம் செய்தவன் அந்த இடத்தையே சுற்றுவான் என்று நான் படித்திருக்கிறேன். அது எழுதுகிறவர்களின் கற்பனை என்றும் நினைத்திருந்தேன். போகும்போதெல்லாம் அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

"உங்க வீட்டுல எலி உண்டா சார்?"

"யார் வீட்டுலதான் இல்ல?"

"ம்."

மறுநாள்: "வண்டிய கழுவறது யாரு?"

"மழைதாங்க."

"ம்."

அதற்கும் மறுநாள்: "நீங்க பானெட்ட தொறப்பீங்களா?"

"எனக்கு எந்தப் பக்கம் பானெட்டுன்னே தெரியாதுங்க." நகைச்சுவை எழுத்தாளன் என்பதால் இப்படியெல்லாம் தப்பிக்க முடியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

எட்டாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது திரையில் ஏதோ கோயில் மண்டபம் தெரிந்தது. வரிசை வரிசையாகத் தூண்கள். அவை ஈசிஎம்மின் வாயிலிருக்கும் ஊசிகள் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவில், அடியில், செம்மண் மேடு மாதிரி ஏதோ படிந்திருந்தது.

"இங்க பாருங்க சார். இந்த ஊசில எப்பவும் பேட்டரி கரண்ட்டு. பக்கத்து ஊசி, எரிஞ்ச சிப்புலேர்ந்து வருது. நடுவுல இது பாலம் போட்டிருக்குது. காஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணாது. மழ ஈரம் பட்டுச்சி, ஊறிச்சி, பச்சப் பாசி புடிச்சி கெட்டியாச்சி, கரண்ட்டு தாண்டிடுச்சி. சிப்பு என்ன பண்ணும், பாவம்."

"துருங்களா?" என்றேன். என் குரலில் இருந்த ஆவல் எனக்கே கேட்டது.

அவர், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஸ்பிரிட்டில் தோய்த்து, திரையில் பார்த்தபடியே அந்த மேட்டில் வைத்து உருட்டினார். எடுத்துக் காட்டினார். பஞ்சு செக்கச்செவேல் என்று இருந்தது.

"துரு ஸ்பிரிட்டுல கரையாது சார்."

அவ்வளவுதான். பஞ்சுக்குச்சியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். தாளில் சிவப்பு மெல்லப் பரவியது. அவர் நெற்றியில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. நான் வேறு எங்கும் பார்க்க முடியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பார், சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் நான் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு எங்கள் இலாகாவில் பதில் அனுப்புவதில்லை.

"உக்காருங்க. மாத்திடலாம்," என்றார். எட்டு நாளில் முதல் முறையாக நாற்காலி கிடைத்தது.

அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். செத்த போர்டு ஒன்றிலிருந்து எடுத்த நல்ல சிப் ஒன்றை முன்னமே சோதித்து வைத்திருந்தார். போர்டின்மேல் கண்ணாடி மாதிரி பூசியிருந்த வார்னிஷைச் சுரண்டினார். சுற்றியிருந்த சின்னச் சின்ன உறுப்புகளை மஞ்சள் டேப்பால் மூடினார். போர்டை ஒரு சூட்டுத் தட்டின்மேல் வைத்துக் காயவிட்டார்.

"கீழ சூடு இல்லாம மேல மட்டும் ஊதுனா பலக வளைஞ்சிடும். தோசக்கல்லு காயாம மாவ ஊத்துவீங்களா?"

சிப்பின் இருபது கால்களுக்கும் பசை மாதிரி ஃபிளக்ஸ் தடவி, மேலிருந்து சூட்டுக் காற்றை வட்டம் வட்டமாக ஊதினார். கிடுக்கியைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தார்.

"இழுக்கக் கூடாது சார். ஈயம் உருகிச்சின்னா அதுவே கைய உட்டுடும்."

விட்டது. கருகிய சிப் தட்டில் விழுந்தது. அந்த இடத்தைச் செப்புப் பின்னலால் ஒற்றிச் சுத்தம் செய்து, புதியதைக் கிடுக்கியில் எடுத்தார். அதன் ஒரு மூலையில் எள்முனை அளவுக்கு ஒரு புள்ளி.

"இந்தப் பொட்டு எந்தப் பக்கம்னு பாத்து வைக்கணும். பொட்டு எடம் மாறிச்சின்னா மறுபடி பொகதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எல்லா சிப்பிலும் அந்தப் புள்ளி உண்டு, முதல் கால் எது என்று காட்ட. அதை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களோ என்னவோ. பூபாலனிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில், வண்டியிலிருந்து வரவேண்டிய சமிக்ஞைகளை ஒரு கருவியால் கொடுத்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் நான்கு காயில்களுக்குப் பதிலாக நான்கு சின்ன பல்புகளை மாட்டினார். ஒன்று எரிந்தது, பிறகு மூன்று, நான்கு, இரண்டு. மறுபடி ஒன்று. ஏன் ஒழுங்காக ஒன்று இரண்டு மூன்று என்று எரியக்கூடாது என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார் ஒழுங்கு," என்றார்.

எரிந்த சிப்பை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "வச்சிக்கிங்க."

சாயங்காலம் பூபாலன் போய்ப் பெட்டியை வாங்கி வந்து மாட்டினார். வண்டி முதல் சாவியிலேயே எழுந்தது. அவர் முகம்தான் எழவில்லை.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"எலி ரப்பர் வளையத்த கடிச்சிருக்குது, ஈரம் எறங்கிடுச்சின்னாங்க அண்ணே. வாரா வாரம் பானெட்ட தொறக்கறவன் நான். நான்ல பாத்திருக்கணும். அண்ணன் வந்ததும் நானே சொல்லிடறேன், எம்மேலதான் தப்புன்னு."

அக்காவும் பாதியைத்தான் சொல்லியிருந்தார். என்னைக் காப்பாற்றவா? அல்லது மீதிப் பாதியை நான் சொல்லட்டும் என்று விட்டாரா? அல்லது அவருடைய வேலை ஊசிகளுக்கு நடுவோடு முடிந்துவிட்டதா? பூபாலனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "பரவால்ல பூபாலன், விடுங்க," என்றேன். இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை. என்னை மன்னிக்கவேண்டியவரை நான் மன்னித்திருந்தேன்.

மச்சான் வந்த மறுநாள் காலை. வீட்டு வாசலில் கார். பூபாலன் சாவியோடும், நன்றாகத் துவைத்த சட்டையோடும் வந்திருந்தார். மச்சான் முறைப்பாக இருந்தார்.

"என்ன பூபாலன், பேட்டரி மாத்தறப்போ ஒயர மாத்திக் குடுத்துட்டியா?"

பூபாலன் விழித்தார். "பேட்டரியா? அது சரியாத்தானே அண்ணே மாட்டுனேன். எலி கடிச்சத கவனிக்காம உட்டது என் தப்புதான், ஆனா பேட்டரி..."

"அப்ப எதுக்குப் போர்டு எரியுது?"

மச்சான் பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். அப்படியே நின்றார்.

"இது என்ன?"

அலுமினியப் பெட்டியின் மேல், ஒயர்கள் நுழையும் வாய்க்கு நேர்மேலே, நான் வைத்த அதே இடத்தில், ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

"அக்கா குடுக்கும்போதே இருந்திச்சிண்ணே," என்றார் பூபாலன். "ஏதோ அடையாளத்துக்குன்னு நெனச்சேன்."

மச்சான் அவரைப் பார்த்தார். பூபாலன் தரையைப் பார்த்தார், தன் தப்பு இன்னும் எத்தனை இருக்கிறதோ என்பதுபோல. பொட்டு என்னைப் பார்த்தது. சட்டைப் பையில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது. ஏன் அன்று அதை எடுத்து வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

"பூபாலன் இல்ல மச்சான்," என்றேன். "நான்தான்." சந்தனம், குங்குமம், சொம்புத் தண்ணீர், 'ஆயிடுச்சி' எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி என்று சொன்னதையும் சொன்னேன். இலாகா வாழ்க்கையில் அவ்வளவு நீளமான செய்வினை வாக்கியங்களை நான் பேசியதில்லை.

மச்சான் அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, உண்மையான கவலையோடு கேட்டார்: "மாப்ள, நீ சாமி கும்பிடுவியா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது; மச்சானும் சிரித்துவிட்டார். பூபாலன் மட்டும் சிரிக்கவில்லை. "பேட்டரி மாத்துனதுல போச்சின்னு சொன்னது நீங்கதானா?" என்றார்.

"நான்தான்."

"சரி சார்," என்றார். பானெட்டை மெதுவாக இறக்கி, அழுத்தி மூடினார்.

அதுவரை அவருக்கு நான் அண்ணன். அன்றைக்கு சார் ஆனேன். இன்றும் சார்தான். மச்சான் குழுவில் போட்டது பொட்டின் படத்தை, என் கதையோடு. பிரான்ஸ் முழுக்கச் சிரித்தார்கள் என்று கேள்வி. பூபாலனுக்கு மேலும் இரண்டு வண்டி வந்தது. நான் எழுதிய எதையும் அத்தனை பேர் படித்ததில்லை.

நேரே அக்காவிடம் போய்க் கேட்டுவிடவேண்டும் என்று நினைத்து, போகாமல் மாதங்களைக் கடத்தினேன். கடைசியில் வீட்டு இன்வெர்ட்டர் நின்றுபோய், அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டேன். "அந்தப் பெட்டில பொட்டு ஏங்க ஒட்டுனீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை என்று தோன்றியது. "நீங்க வச்சிருந்தீங்களே சார். நான் தொடச்சிட்டேன். திருப்பி வைக்க வேணாமா?" பிறகு யோசித்து, "இது வழியாது," என்றார்.

சுட்டிக்காட்டினாரா, மன்னித்தாரா, வந்த பொருளை வந்தபடி திருப்பிக் கொடுத்தாரா? அவர் முகத்தில் தேடினேன். அங்கே எப்போதும்போல மைக்ராஸ்கோப் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. மேசையில் பார்த்தேன்: சூட்டுக் காற்றுத் துப்பாக்கி, மல்டிமீட்டர், திரை, எல்லாவற்றிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சுவரோரம் இருந்த செத்த போர்டுகளில் ஒன்றிலும் இல்லை.

இன்வெர்ட்டர் பெட்டியை வாங்கி மோந்து பார்த்தார். "கடைசியா..."

"நான்தாங்க," என்றேன். "வேற யார் கையும் படல. நான்தான்." திருந்திய மனிதனின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது.

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே, போர்டின் குறுக்கே, ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

"நீங்க இல்ல சார். பல்லி."

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "அப்ப பல்லிதான் குத்தவாளியா?"

"அது எரிஞ்சி கெடக்குது பாருங்க," என்றார் வருத்தமாக. "எரிஞ்சவன் எப்படிக் குத்தவாளி ஆவான்?" மூடியைத் திருப்பினார். விளிம்பில் விரல் ஓட்டினார். "இதுல நாலு ஸ்க்ரூ இருக்கணும். மூணுதான் கெடக்குது. அந்த சந்துலதான் அது உள்ள போயிருக்குது. நாலாவத கழட்டுனது யாரு?"

நாலாவது, எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரிக் காலண்டரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சுவரில் அடித்தவன் நான்.

"எலக்ட்ரீஷியன்..." என்று என் வாய் தானாகவே ஆரம்பித்தது.

"ம்," என்றார்.